மந்தைக் கல்லில் இருக்கும் அந்த நான்கு பேர்

எல்லோருக்கும் வணக்கம்.

பட்டாளம் போன நம் ஊர்க்காரர்களின் பெயர் வெட்டிய புதுக் கருங்கல்லைப் பொங்கலுக்குள் மந்தையில் வைத்துவிடலாம் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது போல ஒரு மடல் வந்தது. பணம் தர இத்தனை பேர் முன்வந்தது பெரிய விஷயம். ஆனால் அதில் ஒரு வரியை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை: "அடையாளம் தெரியாத நான்கு பெயரை விட்டுவிட்டு, மற்றவர்களைத் தகப்பனார் பெயர், வீட்டுப் பெயரோடு வெட்டலாம்." அந்த நால்வரை நாம் இன்னும் சரியாகத் தேடவே இல்லை. நம் இரண்டு தெருக்களில் கேட்டோம், சொந்தபந்தத்தில் கேட்டோம், இணையத்தில் ஒரே ஒரு பட்டியலைப் புரட்டினோம், அவ்வளவுதான்.

முதலில் கல்லைப் பற்றி. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மந்தையில் இருப்பது இரண்டு கல். மேலே சாவடிச் சுவரில் பதித்த வெள்ளைச் சலவைக்கல் அன்றைய சர்க்கார் வைத்தது. இந்த ஊரிலிருந்து பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு எண்கள் மட்டும், பெயர் கிடையாது. இதே வாசகம் நாடு முழுக்கப் பல ஊர்களில் இருக்கிறது. வேலூர் மணிக்கூண்டில் 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்று இருப்பதை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கீழே நட்டிருக்கும் மலைக்கல் நம் ஊர்க்காரர்களே பிற்பாடு வைத்தது. அதில்தான் தமிழில் பெயர்கள். முதல் போர், இரண்டாம் போர் இரண்டுக்கும் போனவர்கள் அதில் கலந்து இருக்கிறார்கள்.

அந்தக் கீழ்க்கல்லின் தலைப்பைத் தயவுசெய்து இன்னொரு தடவை படியுங்கள். "பட்டாளம் போனவர்கள்" என்றுதான் இருக்கிறது, இறந்தவர்கள் என்று இல்லை. நாம் தேடியதோ காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில். அது முழுக்க முழுக்க இறந்தவர்களின் பட்டியல். முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்த படைவீரர்களைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். முதல் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், சுமார் 74,000 பேர் இறந்தார்கள், மற்றவர்கள் ஏதோ ஒரு விதத்தில் திரும்பினார்கள். நம் நால்வரும் திரும்பி வந்து, காபித் தோட்டத்தில் வேலை பார்த்து, இதே மலையில் இறந்திருந்தால் அந்தப் பட்டியலில் எந்தக் காலத்திலும் இருக்க மாட்டார்கள். "இணையத்தில் இல்லை, அதனால் பெயரே சந்தேகம்" என்று எழுதியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இறந்திருந்தாலும்கூட அந்தப் பட்டியல் நமக்கு எளிதில் பிடிகொடுக்காது. ஈராக்கில் உள்ள பஸ்ரா நினைவுச் சின்னம் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அங்கே இந்திய அதிகாரிகளுக்குத்தான் பெயர் வெட்டினார்கள், சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும். இப்படிச் சமமில்லாமல் நினைவுகூரப்பட்டவர்கள் 45,000 முதல் 54,000 பேர் இருக்கலாம் என்று அந்த ஆணையமே 2021-ல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழித்து அவர்கள் திருத்திக்கொள்ளப் பார்க்கும் தவறை நாம் நம் மந்தையில் புதிதாகச் செய்வதா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கீழ்க்கல்லில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் வெள்ளை எனாமல் பெயிண்ட் அடிப்பது வழக்கம். அடிப்பவர் கண்ணுக்குத் தெரிந்த எழுத்துக்குத்தான் அடிப்பார். நான்கு பேரில் மூன்றாவது பெயருக்கு முன்னால் "ச." என்று இருக்கிறது, தகப்பனார் பெயரின் முதலெழுத்து என்று வைத்துக்கொண்டு சண்முகம், சங்கிலி, சடையன் என்று தேடினோம் அல்லவா? பொழுது சாய்ந்த பிறகு டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் படுக்கை வாட்டமாகப் பிடித்தால் உளி போட்ட தடம் நிழலாக எழும்பித் தெரியும். அப்படிப் பார்த்தபோது "ச" வுக்கு அடுத்து புள்ளி இல்லை, பாசி அடைத்த "ப்" இருக்கிறது, அதை அடுத்துப் பாதி உதிர்ந்த இன்னொரு "ப". சப்பர். மெட்ராஸ் சப்பர்ஸ் படையின் சிப்பாய். படங்களை இணைத்திருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள், வேறு மாதிரிப் படித்தால் தயங்காமல் சொல்லுங்கள். நான்காவது பெயருக்குப் பின்னால் இருப்பது "பயனீர்" என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்த இரண்டு சொல்லும் நாம் எங்கே கேட்டிருக்க வேண்டும் என்பதைக் காட்டிவிட்டன. தமிழர்கள் போருக்கு லாயக்கில்லாத இனம் என்று ஆங்கிலேயர்கள் ஒரு கொள்கை வைத்துக்கொண்டு மெட்ராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துக்கொண்டே வந்தார்கள். 1920-களின் இறுதிக்குள் அவை இல்லாமலே போயின, இரண்டாம் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்டைத் திரும்ப எழுப்பினார்கள். அந்த இடைக்காலத்திலும் நிலைத்து நின்றது சப்பர்ஸ். பயனீர்களை 1933-ல் கலைத்தார்கள். ரோடு போட, பாலம் கட்ட, பதுங்குகுழி வெட்ட, தேவைப்பட்டால் துப்பாக்கியையும் தூக்க என்று இருந்த இந்த இரண்டு படைகளிலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். ஊரில் கிடைக்காத மரியாதையும் மாதச் சம்பளமும் அங்கே கிடைத்தது.

நம் சங்கத்தில் ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் எத்தனை பேர்? எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து போனவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை. குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் நமக்குத் தெரியாதவர்களை "அடையாளம் தெரியாதவர்கள்" என்று கல்லிலிருந்து எடுப்பது நியாயமில்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்.

ஊருக்கு வந்திருந்தபோது ஓடையைத் தாண்டிப் போய் விசாரித்தேன். அங்கே ஒரு வீட்டை இன்றைக்கும் "பசராக்காரர் வீடு" என்கிறார்கள், பசரா என்பது பஸ்ராதான். நம் பக்கத்தில் யாருக்காவது இது தெரியுமா? அந்த வீட்டுப் பாட்டிக்கு எண்பதுக்கு மேல் இருக்கும், காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் தெளிவு. "எங்க மாமனாரோட அப்பாரு தம்பி, கப்பல்ல பசராவுக்குப் போனாரு, வந்தப்ப ஒரு காலு வெளங்கல, மலை ஏற முடியாம டோலியிலதான் தூக்கிட்டு வந்தாங்களாம்" என்றார். சொன்ன பெயர் கல்லில் உள்ள மூன்றாவது பெயரோடு பொருந்துகிறது. மலையேறப் பாதை மட்டுமே இருந்த காலம், டோலிதான் வண்டி, அதனால் அதுவும் பொருந்துகிறது. கடைசியாக, "இத்தன வருசத்துல யாரு வந்து எங்கள இதக் கேட்டா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை.

பெயர் பொருந்தியது என்பதற்காக உடனே வெட்டிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் ஊர் இது, ஒரே பெயரில் மூன்று தலைமுறை இருக்கும். பட்டாள நம்பர் கிடைத்தால்தான் நிச்சயம். அதற்கு எளிய வழி மெடல். முதல் போரின் பிரிட்டிஷ் போர் மெடலிலும் வெற்றி மெடலிலும் விளிம்பைச் சுற்றி நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொடி எழுத்தில் பதித்திருக்கும். போர் மெடல் வெள்ளி, ஆகவே பலதும் தட்டான் கடைக்குப் போயிருக்கும். கூலி வேலைக்கான தொழிலாளர் படையில் (லேபர் கோர்) போனவர்களுக்கு அதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள், அது யாருக்கும் விலைபோகாமல் பெட்டிக்குள் கிடக்க வாய்ப்பு அதிகம். பசராக்காரர் வீட்டு மெடல் கல்யாணமாகிப் போன ஒரு பேத்தியிடம் வால்பாறையில் இருப்பதாகப் பாட்டி சொல்கிறார். நான் தொடர்புகொண்டு வருகிறேன். இரண்டாம் போர் மெடலாக இருந்தாலும் விளிம்பையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மெடல் இல்லாத வீட்டில் வேறு காகிதம் இருக்கலாம். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், பென்ஷன் புத்தகம், பட்டாளத்துக்காரருக்கு ஒதுக்கிய நிலத்தின் பழைய பட்டா, எதுவானாலும் சரி. இன்னொன்று: இரண்டாம் போரில் மலாயாவுக்குப் போனவர்கள் 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது கைதியாகி, பிறகு ஐ.என்.ஏ.வில் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்திருந்தால், அந்தக் குடும்பத்தில் பட்டாளக் காகிதத்துக்குப் பதில் தியாகி பென்ஷன் காகிதம் இருக்கும். 1972-ல் மத்திய அரசு அந்தப் பென்ஷனைத் தொடங்கியது. கல்லில் இரண்டாவது பெயர் இப்படிப்பட்டவராக இருக்கலாம் என்று கீழத்தெருவில் ஒரு பேச்சு உண்டு, அதற்கு ஆதாரம் வேண்டும்.

கல்லறை ஆணையப் பட்டியலை மறுபடி பார்ப்பவர்களுக்கு: திண்டுக்கல் மாவட்டம் என்று தேடினால் எதுவும் வராது, அந்த மாவட்டமே 1985-ல் வந்தது. அன்றைக்கு நம் மலை மதுரை ஜில்லா, அதையும் "மதுரா" என்றுதான் எழுதினார்கள். பழனியை "பல்னி" என்றும் "புல்னி" என்றும் எழுதிய காலம், ஆகவே பெயர்களையும் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். ழகரத்துக்கு ல, ய என்று மாற்றிப் பாருங்கள். ஒற்றைப் பெயர்தான் என்பதால் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட வேண்டும். பெயர் சிக்காவிட்டால் படைப்பிரிவை வைத்து இறங்குங்கள், தகப்பன் பெயரும் ஊரும் கூடுதல் தகவலில் சில சமயம் இருக்கும்.

லண்டன் அண்ணன் அங்கே கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக முடியும் என்று முன்பே சொன்னார். அங்கே படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன, சிப்பாய் பெயர் அதில் அபூர்வம், எந்தக் கம்பெனி எங்கே இருந்தது என்று தெரிந்தாலே நமக்கு உதவி. அண்ணன், நம்பர் கிடைத்ததும் சொல்கிறேன், அதுவரை அலைய வேண்டாம். சிங்கப்பூர் அக்கா கிராஞ்சி போர்க் கல்லறைக்கு ஒரு ஞாயிறு போய்வர முடியுமா? அங்கே நினைவுச் சுவரில் 24,000-க்கும் மேல் பெயர்கள், தகனம் செய்யப்பட்ட நம்மவர்களுக்குத் தனிப் புதைகுழி இருக்காது, சுவருக்குப் பின்னால் உள்ள தகன நினைவுச் சின்னத்திலும் பார்க்க வேண்டும். பெங்களூரில் இருக்கும் தம்பிகளுக்குத்தான் பெரிய வேலை: சப்பர்ஸின் இன்றைய பெயர் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், தலைமையிடம் அல்சூர் ஏரி ஓரம். சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக்கொடுத்தால் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், அதற்கு நானே எழுதுகிறேன்.

புதுக்கல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், பழைய கல்லில் உள்ள வரிசையில் வரட்டும். தகப்பனார் பெயர் தெரியாத இடத்தில் ஒரு வரி வெற்றிடம் விடட்டும். வீட்டுப் பெயர் வேண்டாம், அதைப் போட்டால் சிலருக்கு மட்டும் சாதி தெரியும், மற்றவர்கள் தனித்து நிற்பார்கள். பழைய கல்லைப் பிடுங்கவும் வேண்டாம், பெயிண்ட் அடிப்பதையும் இந்த வருஷம் நிறுத்திவைப்போம்.

திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது பசராக்காரர் வீட்டுக்கும் நேரில் போய்ப் பாக்கு வைத்து அழைக்க வேண்டும், தலைவர் மாமாவே போனால் நல்லது. ஸ்தபதிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதா என்று பொருளாளர் மாமா சொல்லவும். கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, பெயர்ப் பட்டியலை மட்டும் இன்னும் அவருக்கு அனுப்ப வேண்டாம்.