டோங்காவில் நம்ம ஆட்கள் இருப்பார்களா?

"அண்ணா, அடுத்த மாதம் பசிபிக் தீவு நாடான டோங்காவின் தலைநகர் நூக்குஅலோஃபாவில் வேலையில் சேர்கிறேன். மனைவியும் கைக்குழந்தையும் கூடவே வருகிறார்கள். அங்கே நம்ம ஆட்கள் இருப்பார்களா?"

தமிழ்ச் சங்கம், பொங்கல் விழா என்ற நினைப்போடு விமானம் ஏறாதீர்கள் தம்பி. 2021 கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சேர்த்தே 1,00,179 பேர்தான். நூற்றுக்குச் சுமார் 97 பேர் டோங்கர்கள். மிச்சம்தான் சீனர், ஐரோப்பியர், ஃபிஜிக்காரர், மற்றவர்கள். தெருமுனைக் கடைகள் பெரும்பாலும் சீனர்களுடையவை. உங்களையும் முதலில் ஃபிஜி இந்தியர் என்றுதான் நினைப்பார்கள், கோபப்படாதீர்கள்.

டோங்கர்களே உள்ளூரில் இருப்பதைவிட வெளியே அதிகம். நியூசிலாந்தில் மட்டும் 2018-இல் 82,000 பேருக்கு மேல். ஆஸ்திரேலியா, அமெரிக்கா தனி. பல வீடுகளில் அடுப்பெரிவது நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலிருந்து வரும் பணத்தில்தான். நீங்கள் வீடு பார்க்கப் போனால் சாவி பாட்டியிடம் இருக்கும், வாடகை பேச வேண்டியவர் ஆக்லாந்தில் இருப்பார். குத்தகைக்கு எடுக்கலாம், நிலம் வாங்க அரசியல் சட்டமே விடாது, அந்த ஆசை வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, விமானம் கிடையாது. பால், டயபர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். மக்களில் அநேகமாக எல்லோரும் கிறிஸ்தவர்கள். பிரிவு வாரியாகப் பார்த்தால் மெதடிஸ்டுகள் அதிகம், மார்மன்களும் நிறைய. "எந்தச் சர்ச்?" என்று கேட்பது "எந்த ஊர்?" என்று நாம் கேட்பது மாதிரி. கோயிலுக்குப் போகிறவர்கள் என்று சொல்லுங்கள், போதும்.

உங்கள் மனைவிக்கு ஒன்று பிடித்துப்போகும். இங்கே அப்பாவின் அக்கா தங்கைக்குத்தான் குடும்பத்தில் முதல் மரியாதை, 'மெஹெகிடாங்கா' என்பார்கள். தாய்மாமனிடமோ மருமக்கள் உரிமையோடு எதையும் கேட்கலாம், எடுத்துக்கொள்ளலாம். தாய்மாமன் சீர் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் விசேஷம் என்றால் யார் அத்தை என்று கேட்டுவிட்டு முதலில் அவருக்கு வணக்கம் சொல்லுங்கள்; என் வீட்டுக்காரி அப்படித்தான் ஒரே வாரத்தில் அந்தத் தெருவில் சொந்தமாகிவிட்டாள்.

அப்புறம், வழியில் ஃபிஜியின் நாடி நகரில் தங்க நேர்ந்தால் அங்கே சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போய் வாருங்கள். 1903 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களின் வாரிசுகள் நடத்துவது. நம் முகங்களைக் கூட்டமாகப் பார்க்க இங்கிருந்து பக்கம் என்றால் அதுதான். மசாலாப் பொடிகளையும் அங்கேயே வாங்கி, பிரிக்காத பாக்கெட்டாகக் கொண்டுவந்து சுங்கத்தில் மறைக்காமல் காட்டிவிடுங்கள்.