எல்லாம் ஆஃப், ஆனாலும் மீட்டர் ஓடுகிறது, ஆர்சிசிபியும் விழுகிறது

கேள்வி:
எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்த பிறகும் மீட்டரின் சிவப்பு லைட் 9 நொடிக்கு ஒருமுறை மின்னுகிறது. யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று மீட்டரில் போட்டிருக்கிறது. இதுபோக, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தானே விழுகிறது. எங்கோ எர்த் லீக்கேஜ் (எர்த்துக்கு மின்கசிவு) இருப்பதால்தான் யூனிட்டும் ஏறுகிறதா?

பதில் 1:
இல்லை, இரண்டும் வேறு வேறு கோளாறு. கணக்குப் போட்டாலே தெரியும். ஒரு யூனிட் என்பது 36,00,000 ஜூல்; அதை 3200-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 1125 ஜூல். அதை 9 நொடியால் வகுத்தால் 125 வாட், அதாவது நாளுக்கு 3 யூனிட். ஆர்சிசிபி விழாமல் தாங்கும் லீக்கேஜ் 30 மில்லி ஆம்பியருக்குள்தான். 230 வோல்ட்டில் அது 7 வாட் கூட வராது.

ஆர்சிசிபியை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். துடிப்பு நின்றால் முதல் சந்தேகம் இன்வெர்ட்டர் மேல்தான்; பல வீடுகளில் அதற்குத் தனி சுவிட்சே இருக்காது. பேட்டரி பழசானால் முழு சார்ஜுக்கு வரவே வராது, சார்ஜரும் மின்சாரத்தைக் குறைக்காது. பேட்டரி எப்போதும் வெதுவெதுப்பாக இருப்பதும், தண்ணீர் சீக்கிரம் குறைவதும் அதன் அடையாளம்.

நிற்காவிட்டால் கோளாறு மீட்டருக்கும் ஆர்சிசிபிக்கும் நடுவில். கிளாம்ப் மீட்டரின் (ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்சாரத்தை அளக்கும் கருவி) வாய்க்குள் பேஸ், நியூட்ரல் இரண்டு ஒயரையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். அரை ஆம்பியர் காட்டினால் அது எர்த்துக்குப் போகிறது. பூஜ்யம் காட்டி, பேஸில் மட்டும் அரை ஆம்பியர் இருந்தால் யாரோ அங்கிருந்து லைன் இழுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதி ஆர்சிசிபியை அணைத்தாலும் உயிரோடுதான் இருக்கும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மட்டும் கை வைக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
ஆர்சிசிபியை அணைத்ததும் நின்றது. இன்வெர்ட்டர் பிளக்கை எடுத்தாலும் நிற்கிறது. பேட்டரியும் சூடாகத்தான் இருக்கிறது. சரி, விழுவது? ஃபிரிட்ஜ் எம்சிபியை (அந்த லைனுக்கான சர்க்யூட் பிரேக்கரை) அணைத்து வைத்திருந்தபோதும் ஒருமுறை விழுந்தது, அதனால் ஃபிரிட்ஜ் இல்லை என்று நினைக்கிறேன்.

பதில் 2:
அப்படி முடிவு கட்ட முடியாது. ஒற்றைத் துருவ எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டும். ஃபிரிட்ஜுக்குள் நியூட்ரல் பாடியில் பட்டிருந்தால், மற்ற கருவிகள் ஓடும்போது அவற்றின் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த வழியாக எர்த்துக்குத் திரும்பும், ஆர்சிசிபி விழும். சோதிக்கும்போது பிளக்கையே உருவி வையுங்கள்.

ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ் என்றால் டிஃப்ராஸ்ட் ஹீட்டரை (உள்ளே படியும் பனியை உருக்கும் ஹீட்டர்) பாருங்கள். 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பல மாடல்களில் அது ஓடும். உறையில் விரிசல் விட்டு உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூளில் ஈரம் ஏறியிருந்தால் ஒருநாள் விழும், ஒருநாள் விழாது. கீசர் ஹீட்டருக்கும் இதே வியாதி.

மல்டிமீட்டர் இதற்கு உதவாது, அதன் சோதனை வோல்ட்டேஜ் சில வோல்ட்தான். 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வேண்டும். பிளக்கை உருவிய கருவியில் பேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாக இணைத்து, எர்த் பின்னுக்கு எதிராக அளக்கவும். 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் குற்றவாளி அதுதான். டிஃப்ராஸ்ட் ஹீட்டர் டைமருக்கோ ரிலேவுக்கோ பின்னால் இருப்பதால் பிளக்கில் அளந்தால் தப்பிவிடலாம்; அதன் இரண்டு முனையையும் கழற்றித் தனியாக மெகர் பண்ணுங்கள். சர்ஜ் புரொடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியை மெகர் பண்ணாதீர்கள், பொய்யான அளவு காட்டும்.

பதில் 1:
ஒன்று விட்டுப்போச்சு. எதிலும் கோளாறு இல்லையென்றாலும் விழலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-ஐத் தாண்டினாலே விழ அனுமதி உண்டு; கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் ஃபில்டர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு மில்லி ஆம்பியர் எர்த்துக்கு விடும். லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரால் மொத்தத்தை அளந்து, 10-க்கு மேல் இருந்தால் சர்க்யூட்டுகளை இரண்டு ஆர்சிசிபியாகப் பிரியுங்கள். நியூட்ரல்களையும் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் லோடு போட்டதும் இரண்டும் விழும்.