லேண்ட் வேல்யூ கேப்சர்: ‘கைப்பற்றல்’ வேண்டாம், வேறு சொல் தேவை

அன்புள்ள கலைச்சொல் அகராதிக் குழுவினர்க்கு,

மெட்ரோ வந்தால் பக்கத்து மனையின் விலை ஏறும். மனைக்காரர் ஒரு செங்கல்கூட எடுத்து வைத்திருக்க மாட்டார். அந்த ஏற்றத்தில் ஒரு பகுதியை அரசு வாங்கித் திட்டச் செலவுக்குத் திருப்புவதுதான் லேண்ட் வேல்யூ கேப்சர். ஒன்றிய அரசு 2017-இல் இதற்கென்றே ஒரு கொள்கைச் சட்டகத்தை வெளியிட்டது. அதே ஆண்டு வந்த மெட்ரோ கொள்கையும் இதை வலியுறுத்துகிறது.

நேராகப் பெயர்த்தால் ‘நிலமதிப்புக் கைப்பற்றல்’. கேட்பவர் காதில் நிலம் கையகப்படுத்தல் என்றுதான் விழும். இங்கே நிலம் கைமாறுவதே இல்லை. ‘மீட்பு’ என்றால் ஆக்கிரமிப்பு மீட்பு நினைவுக்கு வரும். ‘மதிப்பேற்றப் பங்கு’ எப்படி?

-----

> ‘மதிப்பேற்றப் பங்கு’ எப்படி?

‘பங்கு’ இடறும் ஐயா. இந்தத் துறையில் எல்லோரும் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு ஹாங்காங்கின் மெட்ரோ ரயில் நிறுவனமான எம்டிஆர். நிலையம், பணிமனை ஆகியவற்றின் மேலே கட்டும் உரிமையை அரசு அதற்குத் தருகிறது. அதற்காக எம்டிஆர் அரசுக்குச் செலுத்தும் நிலப் பிரீமியம், அங்கே ரயிலே வராது என்று வைத்துக்கொண்டு போட்ட விலை. பிறகு தனியார் கட்டுநரோடு சேர்ந்து கட்டி, ரயில் வந்தபின் உள்ள விலைக்கு விற்று, லாபத்தைப் பிரித்துக்கொள்கிறது. இரண்டு விலைக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் நமக்கு வேண்டிய பொருள். ஆனால் எம்டிஆர் 2000-இல் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம். “எம்டிஆரின் மதிப்பேற்றப் பங்கு” என்று எழுதினால் ஷேர் விலை ஏறிய செய்தி என்றே படிப்பார்கள்.

நம்மிடம் ‘வாரம்’ இருக்கிறதே. விளைச்சலில் அரசுக்கோ நிலக்கிழாருக்கோ போனது மேல்வாரம், உழுதவருக்கு நின்றது குடிவாரம். ‘ஏற்றவாரம்’ எனலாம்.

-----

> ‘ஏற்றவாரம்’ எனலாம்.

சொல் பிடித்திருக்கிறது, ஒரு தடை. மேல்வாரம் அறுப்புக்கு அறுப்பு போவது. இதுவோ பெரும்பாலும் ஒரே தடவை வாங்குவது. சிங்கப்பூரில் மனையின் பயன்பாட்டை மாற்றவோ கட்டடப் பரப்பைக் கூட்டவோ அனுமதி தரும்போது, அதனால் ஏறும் நில மதிப்பில் ஒரு விகிதம் கட்ட வேண்டும். 2007-இல் அதை 50 விழுக்காட்டிலிருந்து 70 ஆக்கினார்கள். 2022 ஆகஸ்ட் 1 முதல் பழைய வளர்ச்சிக் கட்டணங்கள் போய், நில மேம்பாட்டுக் கட்டணம் என்ற ஒரே தலைப்பு. கட்டியதும் கணக்கு முடிந்தது. கொலம்பியாவின் 1997-ஆம் ஆண்டுச் சட்டம் (எண் 388) ஏற்றத்தில் 30 முதல் 50 விழுக்காடு வரை என்கிறது. அதுவும் ஆண்டுதோறும் அல்ல. ஆண்டுதோறும் வருவது சொத்துவரி போன்றவைதான்.

-----

காலம் சொல்லுக்குள் இருக்க வேண்டியதில்லை. ‘ஒருமுறை ஏற்றவாரம்’, ‘ஆண்டு ஏற்றவாரம்’ என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு கணக்கில் போட்டுப் பார்ப்போம். விலைகள் என் கற்பனை.

10 கிரவுண்டு மனை, அதாவது 24,000 சதுர அடி. எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2; எனவே 48,000 சதுர அடி கட்டலாம். அகலச் சாலை என்பதால் பிரீமியம் எஃப்எஸ்ஐ, அதாவது கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் பரப்பு, 50 விழுக்காடு கிடைத்தால் இன்னும் 24,000. அதை 2-ஆல் வகுத்தால் 12,000 சதுர அடி மனைக்குச் சமம். பத்திரப்பதிவுக்கு அரசு வைத்த வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 5,000 ரூபாய், சந்தையில் 9,000 ரூபாய். கட்டணம் வழிகாட்டி மதிப்பில் 50 விழுக்காடு என்றால் அரசுக்கு 3 கோடி. கட்டுநர் கையில் சேர்ந்ததோ 10.8 கோடிக்கான நிலம். ஏட்டில் ஏற்றவார விகிதம் 50. மெய்யில் 28-க்கும் கீழே.

ஓட்டை விகிதத்தில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தார்கள். 2023 ஏப்ரலில்தான் பழைய அளவுக்குத் திரும்பியது. விகிதத்தை மாற்றாதவரை, அதோடு முடிச்சுப்போட்ட எந்தக் கட்டணமும் இடைப்பட்ட காலத்தில் தானாகவே மூன்றில் ஒரு பங்கு இளைத்திருக்கும். ஆகவே ‘அடிமதிப்பு’ என்ற துணைச்சொல்லும் அகராதியில் ஏற வேண்டும்: மெட்ரோ தடம் அறிவிக்கும் நாளுக்கு முன்பிருந்த விலை. அறிவித்த பிறகு அளந்தால் ஏற்றத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கைமாறியிருக்கும்.

-----

அடிமதிப்புக்கு என் ஒப்புதல். ஆனால் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரத்தை எங்கே வைப்பது? அங்கே மாநகராட்சி கூடுதலாகக் கட்டும் உரிமையைச் சான்றிதழாக்கி, பங்குச்சந்தையிலேயே ஏலம் விடுகிறது. பெயர் செபாக், முதல் ஏலம் 2004-இல். சான்றிதழ் ஒரு மனையோடு இணையும்வரை கைமாறிக்கொண்டே இருக்கலாம். அதாவது பாலம் எழும் முன்பே, ஏற்றம் வரும் என்ற நம்பிக்கைக்கு விலை. பணத்தை அதே திட்ட எல்லைக்குள்தான் செலவிட வேண்டும். எனவே ஏலம் நன்றாகப் போகும் வட்டாரத்துக்கே மேலும் சாலையும் பாலமும். விலை ஏறாத புறநகரில் யார் சான்றிதழ் வாங்குவார்? சந்தை படுத்தால் ஏலமும் படுக்கும். வேலை பாதியில் நிற்கும்.

இதை ஏற்றவாரத்தின் ஒரு வகை என்று வைத்து, ‘முன்வாரம்’ என்று தனிப்பதிவு இடலாம். செபாக்குக்குக் ‘கட்டுரிமைச் சான்று’.

-----

முன்வாரம் சரி. பதிவு வரைவு:

ஏற்றவாரம் (பெ.): பொதுச் செலவாலோ பொது அனுமதியாலோ நிலத்தின் அடிமதிப்புக்கு மேல் ஏறிய மதிப்பில் அரசு பெறும் பகுதி.

சேர்த்தே எழுதுக என்ற குறிப்பும் வேண்டும். இடம் விட்டால் ‘ஏற்ற வாரம்’ ராசிபலன் ஆகிவிடும்.