ரெசிட்யூ: கண்ணியா, எச்சமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். புரதம் போன்ற நீண்ட சங்கிலியில் கோத்த பிறகு ஒவ்வோர் அலகிலும் மிஞ்சி நிற்பதை ஆங்கிலத்தில் ரெசிட்யூ (residue) என்கிறார்கள். அதற்குத் தமிழில் கண்ணி என்று நீங்கள் சொன்னதை மூன்று நாளாக மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். நல்ல சொல். சங்கிலியில் ஒரு வளையம் என்று யாருக்கும் சட்டென்று விளங்கும். ஆனாலும் புரதத்தைப் பொறுத்தவரை எச்சம்தான் சரி என்று எனக்குப் படுகிறது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> புரதம் அமினோ அமிலங்களின் சங்கிலி. அப்படியே சொல்லிவிட்டுப் போகலாமே? இதற்கென்று ஒரு தனிச்சொல் வேண்டுமா?

வேண்டும். ஒரு மாணவி போட்ட கணக்குதான் எனக்கு இதைப் புரியவைத்தது. நான் எழுதிக்கொடுத்த பாடக்குறிப்பில் 'மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன' என்று இருந்தது. அவர் அந்த 51 அமிலங்களின் நிறையையும் பொறுமையாகக் கூட்டி, 6,700 டால்டனை (மூலக்கூறு நிறையின் அலகு) ஒட்டிய விடையோடு வந்தார். இன்சுலினின் நிறையோ ஏறத்தாழ 5,808 டால்டன்தான். அவர் கூட்டியதில் தவறே இல்லை. என் வாக்கியம்தான் தவறு.

இரண்டு அமினோ அமிலங்கள் சேரும்போது ஒன்றின் கார்பாக்சில் தொகுதியிலிருந்து ஹைட்ராக்சிலும் மற்றதன் அமினோ தொகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் கழன்று நீராகப் போய்விடுகின்றன. அந்த இடத்தில் பெப்டைடு பிணைப்பு விழுகிறது. இன்சுலினில் 21 கொண்டது ஒன்று, 30 கொண்டது ஒன்று என இரண்டு சங்கிலிகள். ஆக 20-உம் 29-உம் சேர்ந்து 49 பிணைப்புகள், 49 நீர் மூலக்கூறுகள். அதிலேயே 883 டால்டன் போயிற்று. மேலும் இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து உண்டாகும் கந்தகப் பாலங்கள் மூன்று உண்டு. பாலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் வீதம் இன்னோர் 6. மாணவியின் விடைக்கும் உண்மை நிறைக்கும் இடையே இருந்த ஏறத்தாழ 889 டால்டன் இப்படித் தீர்ந்தது.

கிளைசினை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும்போது 75 டால்டன், சங்கிலிக்குள் 57. உடம்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போன பிறகும் அதை அமினோ அமிலம் என்றே அழைப்பது எப்படிப் பொருந்தும்?

நிறைக்கணக்கைவிடப் பெரிய குழப்பம் 'அமிலம்' என்ற சொல்லில் இருக்கிறது. சங்கிலியில் கோத்த பிறகு, கடைக்கோடியில் நிற்பதைத் தவிர மற்றவற்றின் முதுகெலும்பில், அதாவது சங்கிலியின் நடுத்தொடரில், அமிலத்தன்மை இல்லை. அங்கே அமிலமாக நடந்துகொள்பவை பெரும்பாலும் அஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் இரண்டின் பக்கத்தொடர்கள்தாம் (முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் நீண்டு, ஒவ்வொன்றுக்கும் வேறாக இருக்கும் பகுதி). ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 இடங்கள். அதில் 6-ஆம் இடத்துக் குளூட்டாமிக் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் வந்து உட்காருவதுதான் அரிவாள் செல் நோய்க்குக் காரணம் என்று 1957-இல் வெர்னான் இங்கிராம் காட்டினார். குளூட்டாமிக்கின் பக்கத்தொடர் எதிர்மின்சுமை கொண்டது, வேலினுடையதோ நீரை விலக்குவது. ஆக்சிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாக நீள, சிவப்பணு வளைந்துவிடுகிறது. 146-உம் அமிலங்கள் என்று படித்த பிள்ளை, 'ஓர் அமிலம் போய் இன்னோர் அமிலம் வந்தால் மின்சுமை எப்படிக் குறையும்?' என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

> எச்சம் என்றால் பறவை எச்சம்தான் நினைவுக்கு வரும். வகுப்பில் சிரிப்பார்கள்.

அதே பிள்ளைகள் பெயரெச்சமும் வினையெச்சமும் படிக்கிறார்கள், அங்கே யாரும் சிரிப்பதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைக் காத்துவிடுகிறது. சொல்லப்போனால் இந்தச் சொல்லின்மேல் எனக்குப் பற்று வந்ததே இலக்கணத்தால்தான். 'படித்த' என்று நிறுத்திப் பாருங்கள். காது அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கும். எஞ்சி நிற்கிற ஒன்று, இன்னொன்றைப் பற்றித்தான் நிறைவு பெறும். அந்தக் குறையை எச்சம் என்று பெயரிட்டுப் பேசும் பழக்கம் தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியத்தில் எச்சவியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. புரதச் சங்கிலியின் நடுவில் இருப்பதும் அப்படித்தான், இரு பக்கமும் திறந்து நிற்கிறது. கிளைசினைப் புட்டியில் அடைத்து வைக்கலாம். கிளைசின் எச்சத்தை அப்படித் தனியே எடுத்து வைக்க முடியாது.

'எழுந்து, குளித்து, உடுத்து, புறப்பட்டுச் சென்றான்' என்பதில் எச்சம் எச்சமாக அடுக்கி, கடைசியில் ஒரு முற்று வந்து முடிக்கிறது. செல்லில் புரதத்தைக் கோக்கும் ரைபோசோமும் அமினோ முனையில் தொடங்கிக் கார்பாக்சில் முனையில்தான் முடிக்கிறது. கடைசியாக வந்து சேர்வதன் கார்பாக்சில் தொகுதி இழப்பில்லாமல் அப்படியே இருக்கும். அந்த முனையை முற்றுமுனை என்றால் என்ன? (உவமையை இதற்கு மேல் இழுக்க வேண்டாம். கடைசியில் நிற்பதும் தன் அமினோ பக்கத்தில் ஒரு ஹைட்ரஜனை இழந்ததுதான்.)

கண்ணியில் எனக்குள்ள குறை இதுதான்: ஏற்கெனவே முழுதாக இருக்கும் வளையங்களைக் கோத்துவிட்டது போன்ற தோற்றம் தருகிறது. இங்கே இழப்புதான் செய்தி, அந்த இழப்பைத் திருப்பித் தருவதுதான் செரிமானம். கைமோடிரிப்சின் என்ற நொதியைப் பாருங்கள். அதன் வேலையைச் செய்பவை 57-ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102-ஆம் இடத்து அஸ்பார்ட்டிக், 195-ஆம் இடத்து செரீன். வரிசையில் எங்கெங்கோ கிடப்பவை, சங்கிலி மடிந்ததும் பக்கம்பக்கமாக வந்துவிடுகின்றன. அவை சேர்ந்து இன்னொரு புரதத்தின் பிணைப்பை வெட்டும்போது, அன்று வெளியேறிய நீர் மூலக்கூறு ஒன்றுக்கு ஈடாக ஒரு நீர் மூலக்கூறு உள்ளே வருகிறது. எல்லாப் பிணைப்பும் அறுந்தபின் எச்சங்கள் மறுபடி அமினோ அமிலங்கள் ஆகின்றன. இந்தக் கதையைக் கண்ணி என்ற சொல்லை வைத்துச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

நண்பர் ஒருவர் முன்வைத்த 'நீரிழப்பலகு' இதைச் சொல்கிறதே என்று தோன்றலாம். மாவுப்பொருளுக்கு அது பொருந்தும்: குளுக்கோஸ் 180, அதன் எச்சம் 162. செல்லுலோஸிலும் அதே 162தான், பிணைப்பின் திசைதான் வேறு. ஆனால் செல்லுக்குள் டி.என்.ஏ. நீளும்போது கழன்று போவது நீர் அல்ல, இரட்டைப் பாஸ்பேட். எது போயிற்று என்று சொல்லாமல், போனது போக நின்றது என்று மட்டும் சொல்வதால் எச்சம் அங்கும் பொய்க்காது.

ஓர் எதிர்ப்பை மட்டும் முழுதாக ஏற்கிறேன். தொல்லுயிர் எச்சம் என்பது புதைபடிவத்துக்கு வழங்குகிறது, அதுவும் உயிரியலிலேயே. ஆகவே தனி 'எச்சம்' கூடாது. அமினோ எச்சம், சர்க்கரை எச்சம், கொழுப்பமில எச்சம் என்று அடையோடுதான் எழுத வேண்டும்.

கண்ணியையும் விட்டுவிட மனமில்லை. பாலித்தீனில் எத்திலீன் மூலக்கூறுகள் எதையும் இழக்காமல் ஒன்றோடொன்று கைகோக்கின்றன. அங்கே எச்சம் என்றால் பொய், கண்ணி கச்சிதம். இழந்து சேர்ந்தது எச்சம், இழக்காமல் சேர்ந்தது கண்ணி என்று இரண்டுக்கும் இடம் ஒதுக்கலாமா?

என் குறிப்பை இப்போதைக்கு இப்படித் திருத்தி வைத்திருக்கிறேன்: 'மனித இன்சுலின், இரண்டு சங்கிலிகளில் அமைந்த 51 அமினோ எச்சங்களால் ஆனது.' நீங்கள் பார்த்துச் சொன்னால் அந்த மாணவிக்கு அனுப்பிவிடுவேன்.

அன்புடன்