ஏழு பேருக்கு ஒரு வண்டி: புதுசா, பழசா? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

கடைசிசீட் (மஞ்சக்குப்பம்):
வீட்டில் ஏழு பேர். அப்பா, அம்மா, அத்தை, நாங்கள் இருவர், இரண்டு பெண் பிள்ளைகள். இருப்பது ஒரு சின்ன கார். போன ஆவணியில் திருக்கடையூரில் அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். எங்கள் கார் ஒன்று, மச்சான் கார் ஒன்று என்று கிளம்பினோம். சிதம்பரம் தாண்டி டீ குடிக்க நாங்கள் நிறுத்தினோம், அவர்கள் அதைப் பார்க்காமல் போய்விட்டார்கள். மாப்பிள்ளை ஒரு காரில், திருமாங்கல்யம் இருந்த பை இன்னொரு காரில். குருக்கள் முகூர்த்தம் போகிறது என்று கையைப் பிசைந்தார். எண்பது வயது மாப்பிள்ளை அன்று என்னைப் பார்த்த பார்வையில்தான் எல்லோரும் ஒன்றாகப் போகிற வண்டி என்பது முடிவானது.

பட்ஜெட் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம். புதிது என்றால் டிரைபர் கைக்குள் வருகிறது, எர்டிகாவின் ஆரம்ப மாடல் இழுத்துப் பிடித்தால் வரும். பழசு என்றால் 2018, 2019 எர்டிகா, கொஞ்சம் வயதான இன்னோவா. கேரன்ஸையும் பார்த்தேன். மனசு போயிற்று, பணம் போகவில்லை. மச்சான் ‘இன்னோவாவை விட்டால் வண்டியே இல்லை’ கட்சி. மனைவி ‘அடுத்தவர் ஓட்டின வண்டி வேண்டாம்’ கட்சி. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், அதை வைத்து நான் முடிவு செய்துகொள்கிறேன்.

லாஸ்பேட்டைக்காரி:
சார், நாங்கள் 2023இல் புதிதாக எடுத்தோம். முதல் இரண்டு ஷோரூமுக்கு நானும் அவரும் மட்டும் போனோம். முன் சீட்டில் உட்கார்ந்து ஏசி, டச் ஸ்கிரீன் எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். மூன்றாவது ஷோரூமுக்கு மாமியாரும் வந்தார். அவர் எங்கே போனாலும் ‘நான் பின்னாடி உட்கார்ந்துக்கிறேன்’ என்பவர். ஒரு காலை உள்ளே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நடு சீட்டை மடித்த பிறகு கிடைத்த சந்தில் புடவையோடு நுழைய முடியவில்லை. சேல்ஸ் பையன் ‘பழகிடும்மா’ என்றான். எழுபத்திரண்டு வயதில் எதைப் பழகுவது?

உங்கள் வீட்டில் அப்பா முன்னால், மற்ற மூன்று பெண்களும் நடுவில், பிள்ளைகள் பின்னால் என்று வைத்தால் கணக்கு சரியாக வருகிறது. ஆனால் பிள்ளைகளுக்கு என்ன வயது? இன்னும் நான்கு வருடத்தில் அவர்கள் முட்டி எங்கே இடிக்கும்? நடுவில் இரண்டு தனி சீட் வைத்த மாடல்களில் சீட்டுகளுக்கு இடையிலேயே பின்னால் போய்விடலாம், அருமையான வசதி. ஆனால் மொத்தம் ஆறு பேர்தான், உங்கள் அத்தை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அப்புறம், ஏழு பேரையும் உட்காரவைத்துவிட்டு டிக்கியைத் திறந்து பாருங்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது டிரைபரில் 84 லிட்டர் இடம், எர்டிகாவில் 209, கேரன்ஸில் 216. 84 லிட்டரில் வேளாங்கண்ணிக்கு ஒரு நாள் போய்வரும் பைகளை வைக்கலாம், திருப்பதிக்கு மூன்று நாள் மூட்டை ஏறாது. ஆனால் டிரைபரில் கடைசி சீட்டைக் கழற்றியே எடுத்துவிடலாம், அப்போது 625 லிட்டர். கழற்றிய சீட்டை வீட்டில் எங்கே வைப்பது என்பது தனிச் சண்டை.

பண்ருட்டிப்பலா:
நான் 2016இல் ஏழு சீட்டு ஈகோ எடுத்தேன், இன்னும் ஓடுகிறது. வாரநாளில் முந்திரி மூட்டை, ஞாயிற்றுக்கிழமை குடும்பம். தள்ளுகதவு என்பதால் பெரியவர்கள் ஏறி இறங்கச் சுலபம், கடைத்தெருவில் பக்கத்து வண்டியில் கதவு இடிக்கும் பயமும் இல்லை. அப்போது ஏழு சீட்டு மாடலில் ஏசி வரவில்லை. சித்திரையில் மட்டும் மனைவி பேச மாட்டார்.

உப்புக்காற்று (தேவனாம்பட்டினம்):
பழசு பக்கம் போவதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள் சார்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரிலும் புகுந்தது. அந்த வாரம் தண்ணீரில் நின்ற வண்டிகள் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகும் இதே கதைதான். கழுவி, காயவைத்து, விற்றுவிடுவார்கள்.

அதற்கு நான்கு மாதம் கழித்து ஒரு புரோக்கர் கூப்பிட்டார். 2021 மாடல், ஏழு சீட்டு, 38,000 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர். மற்ற இடங்களில் கேட்ட விலையைவிட ஒன்றரை லட்சம் குறைவு. ‘ஓனர் வெளிநாடு போறார், அதான் அவசரம்’ என்றார். கண்ணாடி மாதிரி மின்னியது வண்டி. உள்ளே ஏறினால் மல்லிகை வாசனை. டேஷ்போர்டில் ஒரு சென்ட் டப்பா, பின் சீட்டுக்கு அடியில் இன்னொன்று. என்னோடு வந்த மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. நடு வரிசை சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். சாதாரணமாக நாம் ஒரு முழம் இழுத்து மாட்டிவிடுவோம், மிச்சம் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அந்தச் சுருண்டு கிடந்த பாகத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு. தண்ணீர் அதுவரை நின்றிருக்கிறது. பிறகு தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினார். மாவு மாதிரி வண்டல். ஸ்டெப்னி டயர் குழியிலும் அதே. புரோக்கரைப் பார்த்தோம். அவர் போன் பேசப் போய்விட்டார்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. கடற்கரை வண்டி என்றால் துரு இருக்கும். அடிப்பக்கம், சைலன்சர், கதவின் கீழ் ஓரம் எல்லாம் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். அதைப் பார்த்து வெள்ள வண்டி என்று பயந்து நல்ல வண்டியை விட்டவர்களும் இருக்கிறார்கள். உப்புக் காற்றின் துரு வெளியிலிருந்து, கீழிருந்து வரும். வெள்ளத்துத் துரு வண்டிக்குள் இருக்கும்: சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட், சீட் நகரும் தண்டவாளம், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் திருகுகள், ஃபியூஸ் பெட்டி. மழை படாத இடத்தில் துரு இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

புதிது வாங்கினாலும் ஒன்று. என் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் சாவியைத் திருகினார். காற்று போகும் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. சாதாரண முழுக் காப்பீட்டில் இந்தச் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் அந்தப் பணத்தில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

ஸ்டெப்னி (வில்லியனூர்):
தம்பி, நான் டிராவல்ஸ் வண்டி ஓட்டியவன். முதலில் குவாலிஸ், அப்புறம் டவேரா, 2005இல் இன்னோவா வந்ததும் அது. மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய இன்னோவாவில் திருப்பதிக்கு எத்தனை நடை போனேன் என்று எனக்கே தெரியாது. உங்கள் மச்சான் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நல்ல பெயரால்தான் வாடகைக்கு ஓடிய வண்டியை டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு மாற்றி, ‘டாக்டர் வண்டி, வீட்டு உபயோகம்’ என்று விற்கிறார்கள். மாற்றுவது சட்டப்படி சரி. மறைப்பதுதான் தப்பு.

நான் பார்ப்பது இதுதான். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர் வழவழ என்று இருக்கிறதா? டிரைவர் சீட்டில் கதவுப் பக்க ஓரம் நைந்திருக்கிறதா? ஒரு நாளைக்கு இருபது தடவை இறங்கி ஏறுபவன் டிரைவர்தான். கூரையில் கேரியர் மாட்டிய ஓட்டையை அடைத்திருக்கிறார்களா? வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிய ஒயர் எங்காவது தொங்குகிறதா? மீட்டர் 80,000 என்று சொல்லும், பெடல் மூன்று லட்சம் என்று சொல்லும். நான் பெடலைத்தான் நம்புவேன். வண்டி எண்ணைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தைக் கேளுங்கள், கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று தெரிந்துவிடும்.

வருடத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓட்டுவீர்கள் என்றால் டீசல் இன்னோவா எதற்கு? அந்த ஆசையை விடுங்கள். என் வாயால் இதைச் சொல்வேன் என்று நானே நினைக்கவில்லை.

ஆர்சிபுக் (அரியாங்குப்பம்):
வரிக் கணக்கை யாரும் சொல்லவில்லையே. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது காருக்கு வாழ்நாள் வரி ஐந்து முதல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்து முதல் இருபது வரை 18 சதவீதம். வண்டி விலை 9,90,000 என்றால் வரி 1,28,700. அதுவே 10,10,000 என்றால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் கூடுதல் மாடல் ஒன்றைக் காட்டி ஷோரூமில் ஆசை காட்டுவார்கள், ஜாக்கிரதை. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் இருக்கிற சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். ஏழு சீட்டில் டிரைபர் அதற்குள் வரும். எர்டிகா கிட்டத்தட்ட 4.4 மீட்டர், 40 சதவீதத்தில் இருக்கிறது.

புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் பிஒய் வண்டிக்கு, அதாவது புதுச்சேரிப் பதிவு வண்டிக்கு, ஆசைப்படுவது பழைய கதை. பெட்ரோல் போட இங்கே வருவது வேறு, அது வாரா வாரம் நடக்கட்டும். பிஒய்-01 வண்டியை வாங்கிக் கடலூரில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இங்கிருந்து என்ஓசி, அதாவது படிவம் 28இல் வரும் ஆட்சேபனை இல்லாச் சான்று, வாங்கி, அங்கே வரி கட்டி, கடலூரின் டிஎன்-31க்கு மாற்ற வேண்டும். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. விலை பேசும்போதே இந்த வரியைக் கழித்துப் பேசுங்கள்.

நான் பட்ட பாடு ஒன்று. 2019இல் என் பழைய வேனை விற்றேன். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். வாங்கியவர் பெயர் மாற்றவே இல்லை. ஒரு வருடம் கழித்துத் திண்டிவனம் பக்கம் நடந்த விபத்துக்கு என் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இலேயே சொல்லியிருக்கிறது. எட்டு மாதம் அலைந்தேன். ஆகவே, உங்களுக்கு விற்பவர் ‘ஆர்டிஓ ஆபீஸுக்கு நானும் கூட வருகிறேன்’ என்று நச்சரித்தால் கோபப்படாதீர்கள், அவர் விவரமானவர். அவர் லோனில் எடுத்த வண்டி என்றால் கடன் தீர்ந்தது என்ற வங்கிக் கடிதமும், ஆர்சியிலிருந்து கடனை நீக்குவதற்கான படிவம் 35ம் கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

கடைசிசீட்:
எல்லோருக்கும் நன்றி. பெரியவளுக்கு 13, சின்னவளுக்கு 9. லாஸ்பேட்டை மேடம் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் ஷோரூம் போனோம். கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி காபி கொடுத்தார்கள். அத்தை எல்லா வண்டியிலும் ஏறி இறங்கிவிட்டு, ‘எதிலயும் காலை நீட்ட முடியல, பஸ்ஸே தேவலாம்’ என்றார். பெரியவளுக்கு டிரைபரின் பின் சீட் இப்போதைக்குப் போதும், எர்டிகாவில் இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும் போலிருக்கிறது.

லாஸ்பேட்டைக்காரி:
அத்தைக்கு என் வணக்கம். மனைவி என்ன சொன்னார்?

கடைசிசீட்:
‘பழசுன்னா நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஓனர் பதில் சொல்லணும்’ என்று இறங்கி வந்திருக்கிறார்.

கடைசிசீட் (ஐந்து வாரம் கழித்து):
வாங்கியாயிற்று. 2019 எர்டிகா, பெட்ரோல், டிஎன்-31, 61,000 கிலோமீட்டர். நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போகிற ஒருவர் விற்றார். 7,40,000க்கு முடிந்தது. அதற்கு முன்னால் மூன்று வண்டிகளை வேண்டாம் என்று விட்டோம். ஒன்றில் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிது, ஸ்டெப்னி அண்ணா சொன்னதை விற்பவர்களும் படித்துவிட்டார்கள் போல. ஒன்றுக்கு வங்கிக் கடன் அப்படியே இருந்தது. இன்னொன்றை மனைவி காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றார், நானும் கேட்கவில்லை.

நெய்வேலியில் ஏழு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். அந்த அம்மா வாசலில் நின்றுகொண்டு ‘என்ன தம்பி, தேர் இழுக்கிறீங்களா?’ என்றார். எல்லாம் சுத்தம். கடைசி சீட்டுக்கு அடியில் காய்ந்த பலாக்கொட்டை இரண்டு, ஒரு பிள்ளையின் தலை கிளிப் ஒன்று. அதைப் பார்த்ததும்தான் என் மனைவி முகம் தெளிந்தது. பெயர் மாற்றத்துக்கு அந்த ஐயாவே ஆபீஸுக்கு வந்தார். காப்பீட்டையும் அந்த வாரமே என் பெயருக்கு மாற்றி, என்ஜின் பாதுகாப்பும் சேர்த்தாயிற்று.

திருவந்திபுரத்தில் பூஜை போட்டோம். அப்பா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, பின்னால் திரும்பி, ‘அந்தத் தாலிப் பை இந்த வண்டியில்தானே இருக்கு?’ என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை.

உப்புக்காற்று சார், நெய்வேலி வண்டி, அடிப்பக்கம் துருவே இல்லை. இனிமேல் கடல் காற்றில் நிற்கப் போகிறது. அடியில் துருத் தடுப்புப் பூச்சு அடிக்கலாமா? மழைக்கு முன்னாலா, பின்னாலா?

உப்புக்காற்று:
முன்னால்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் காயாது. ஆவணியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, அடிப்பக்கத்தைத் தண்ணீர் அடித்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிறகு அடிக்கச் சொல்லுங்கள். ஈரத்தின் மேல் அடித்தால் துருவை உள்ளே வைத்து மூடிய மாதிரி ஆகிவிடும். என் மெக்கானிக்கிடம் சொல்லி வைக்கிறேன். அந்த ஏழு பெல்ட் கதையை அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.