சின்ன சர்வருக்கு எந்த வெப்மெயில்: ரவுண்ட்கியூபா, ஸ்னாப்பிமெயிலா?

ஐந்துபெட்டி:
1 ஜிபி ராம் உள்ள டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றை நானே பராமரிக்கிறேன். மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் வைத்துக் காட்டும் டவ்காட் இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. மெயில் பெட்டிகள் மொத்தம் ஐந்து. பயணத்தில் பிரவுசரிலேயே மெயில் பார்க்க ஒரு வெப்மெயில் வேண்டும். ஸ்குரில்மெயில் எளிமையானது, ஜாவாஸ்கிரிப்ட் கூட வேண்டாம் என்கிறார்கள். போடலாமா?

இரவுக்காவல்:
வேண்டவே வேண்டாம். அதன் கடைசி நிலையான பதிப்பு 1.4.22, வந்த ஆண்டு 2011. அது எழுதப்பட்ட பிஹெச்பி மொழியின் இன்றைய பதிப்புகளில் அதை ஓட வைக்கவே மல்லுக்கட்ட வேண்டும். ரவுண்ட்கியூப் போடுங்கள். மெயில்களைத் தானாகப் பிரித்துப் போடும் விதிகளுக்கு மேனேஜ்சீவ், கடவுச்சொல் மாற்ற இன்னொன்று என்று வேண்டிய பிளகின்கள் கூடவே வருகின்றன. ஐந்து பேருக்கு மரியாடிபி போன்ற தனி டேட்டாபேஸ் சர்வர் தேவையில்லை, ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூலைட் போதும்.

முனையம்:
டேட்டாபேஸே எதற்கு என்று கேட்கிறேன். மெயில் எல்லாம் டவ்காட்டிடம்தானே இருக்கிறது? ஸ்னாப்பிமெயில் டேட்டாபேஸ் இல்லாமலே ஓடும், அதன் ஜிப்பை அவிழ்த்துப் போட்டால் வேலை முடிந்தது. டேட்டா ஃபோல்டரை மட்டும் வெப்ரூட்டுக்கு (பிரவுசரில் எட்டக்கூடிய ஃபோல்டருக்கு) வெளியே நகர்த்திவிடுங்கள்.

அப்புறம், 2025 ஜூனில் ரவுண்ட்கியூபில் வெளிவந்த பாதுகாப்பு ஓட்டையை (பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2025-49113) ஏன் சொல்லாமல் விடுகிறீர்கள்? உள்ளே நுழைந்த எந்தப் பயனரும் சர்வரில் தன் கட்டளையை ஓட்டலாம். பத்து ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஐந்து பேரில் ஒருவருடைய கடவுச்சொல் கசிந்தால் போதும், சர்வரே போய்விடும்.

இரவுக்காவல்:
ஓட்டை இருந்தது உண்மை, மறுக்கவில்லை. 1.6.11, 1.5.10 பதிப்புகள் இரண்டிலும் அடைத்துவிட்டார்கள். டெபியனும் தன் பக்கத் திருத்தத்தை வெளியிட்டது. தானியங்கி அப்டேட் போட்டிருந்தவர் தூங்கி எழுவதற்குள் சர்வர் சரியாகியிருக்கும். ஸ்னாப்பிமெயிலுக்கு அந்த வசதி உண்டா? புதுப் பதிப்பு வந்ததா என்று நீங்களேதான் போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒருவருடைய உழைப்பில் நிற்கும் மென்பொருள் அது. அவர் களைத்துப்போனால் என்ன செய்வீர்கள்?

முனையம்:
ஒருவர் செய்தார் என்பதற்காகக் குறைத்துப் பேச வேண்டாம். ரெயின்லூப் என்ற பழைய வெப்மெயிலிலிருந்து பிரிந்து வந்ததுதான் ஸ்னாப்பிமெயில். 2022இல் ரெயின்லூப்பில் ஓட்டை தெரிந்தபோது அங்கிருந்து பதிலே இல்லை. ஓட்டையைக் கண்டுபிடித்தவர்களே ஸ்னாப்பிமெயிலுக்கு மாறச் சொன்னார்கள்.

இரவுக்காவல்:
அந்தக் கதைதான் என் பயத்துக்கும் காரணம். ரெயின்லூப்பை நம்பிப் போட்டவர்கள் அன்றைக்கு நடுத்தெருவில் நின்றார்கள்.

இன்னொன்று, பட்டுத் தெரிந்துகொண்டது. வெப்மெயில் வழியாக வருகிறவர் டவ்காட் லாகில் (பதிவேட்டில்) 127.0.0.1, அதாவது சர்வரின் சொந்த முகவரி, என்றுதான் பதிவாவார். தப்பான கடவுச்சொல் போடும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்டுபேன் சொந்த முகவரியைத் தடுக்காது. என் சர்வரில் ஒரு இரவு முழுக்க யாரோ கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். காலையில் லாகைத் திறந்தால் வரிக்கு வரி 127.0.0.1, ஒரு தடை கூட விழவில்லை. வயிறு கலங்கிவிட்டது. வெப்மெயிலின் சொந்த லாகைத்தான் ஃபெயில்டுபேன் படிக்க வேண்டும். ரவுண்ட்கியூபுக்கான ஜெயில் (தடுப்பு விதி) ஃபெயில்டுபேனிலேயே இருக்கிறது, அதை இயக்குங்கள்.

முனையம்:
இது நல்ல விஷயம், ஒப்புக்கொள்கிறேன். ஸ்னாப்பிமெயிலில் அந்த லாகையே நாம்தான் முதலில் இயக்க வேண்டும். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. எதைப் போட்டாலும் வயர்கார்டு என்ற விபிஎன்னுக்குப் பின்னால் வையுங்கள். இணையம் முழுவதற்கும் லாகின் பக்கத்தைத் திறந்து வைப்பதுதான் முதல் தப்பு.

ஐந்துபெட்டி:
வயர்கார்டு எனக்குச் சரிப்படாது. ஐந்து பேரில் இருவர் அலுவலகக் கணினியில் பார்ப்பவர்கள், அங்கே எதையும் நிறுவ முடியாது. அதனால் வெப் சர்வரிலேயே முதலில் ஒரு பொதுக் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டு, டெபியனின் ரவுண்ட்கியூபை எஸ்க்யூலைட்டோடு போட்டுவிட்டேன். எனக்கு மாதக்கணக்கில் சர்வர் பக்கம் போக முடியாத காலமும் வரும். திருத்தம் தானாக வருவது எனக்குப் பெரிய விஷயம். முனையம் மன்னிக்கவும்.

ஜெயிலையும் இயக்கினேன். போன் இணைப்பிலிருந்து வேண்டுமென்றே தப்பான கடவுச்சொல் போட்டுப் பார்த்தேன். ஐந்து முறை பிழைச் செய்தி வந்தது. அதற்கப்புறம் பக்கமே திறக்கவில்லை.

முனையம்:
சரி. அந்தப் பொதுக் கடவுச்சொல்லை மட்டும் மெயிலில் அனுப்பிவிடாதீர்கள், நேரில் சொல்லுங்கள்.