சிங்கப்பூர் – நியூவார்க் நேரடி விமானம்: தூரமும் நேரமும் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

கேள்வி

நவம்பர் நடுவில் அம்மா சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவில் நியூயார்க் பக்கத்திலுள்ள நியூவார்க்குக்குத் தனியாக வருகிறார். டிக்கெட்டில் இரவு 11.35க்குப் புறப்பாடு, மறுநாள் காலை 5.15க்கு வருகை, பயண நேரம் 18 மணி 40 நிமிடம் என்று இருக்கிறது. தூரம் சுமார் 15,340 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. என் கைபேசிச் செயலியோ காலை 6.15 என்கிறது. எதை நம்பி விமான நிலையத்துக்குக் கிளம்புவது?

பதில் 1

டிக்கெட்டை நம்புங்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. அதனால் கோடையில் 12 மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் 13 ஆகிவிடும். சிங்கப்பூரில் இரவு 11.35 என்றால் நியூவார்க்கில் அன்று காலை 10.35. அதோடு 18 மணி 40 நிமிடத்தைக் கூட்டினால் மறுநாள் காலை 5.15 சரியாக வருகிறது. செயலி கோடைக் கணக்கிலேயே நிற்கிறது போல.

பதில் 2

தூரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய 180 பாகை தள்ளி இருக்கின்றன. அதனால் மிகக் குறுகிய வழி கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூவார்க் வரை 49.3. கூட்டினால் ஏறக்குறைய 138. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கிப் பாருங்கள், நீங்கள் சொன்ன எண் கிடைத்துவிடும்.

ஆனால் விமானம் அந்தக் கோட்டில் போவதில்லை. வட பசிபிக் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் இன்னும் வலுவாக இருக்கும். அது பின்னாலிருந்து தள்ளினால் தரையைப் பொறுத்த வேகம் 1,000 கி.மீ.யைத் தாண்டும். அதற்காகச் சில நூறு கிலோமீட்டர் சுற்றினாலும் லாபம்தான். திரும்பும்போது பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழி, அங்கேயும் காற்று பின்னாலிருந்துதான். அப்புறம், 18.40 என்பது வாயிலிலிருந்து வாயில் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். காற்று நன்றாக இருந்தால் முன்னதாகவே வந்துவிடும். அதனால் விமானம் கிளம்பிய பிறகு காட்டும் வருகை நேரத்தைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி, புரிந்தது. அம்மா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். இவ்வளவு நேரம் உட்காருவாரா என்பதுதான் இப்போது கவலை.

பதில் 3

கடிகாரத்தில் 5 மணி 40 நிமிடம்தான் நகரும், உடம்புக்கோ 18 மணி நேரத்துக்கு மேல். ஆகவே எந்த வேளை மாத்திரையை எப்போது சாப்பிடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழிக்கென்றே 2018இல் கொண்டுவந்த ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானமாக இருந்தால் மொத்தம் 161 இருக்கைகள்தான், சாதாரண எகானமியே கிடையாது. கால் நீட்ட ஓரளவு இடம் இருக்கும். இருந்தாலும் நடைபாதை ஓர இருக்கை எடுத்துக் கொடுங்கள், அடிக்கடி எழுந்து நடக்கச் சொல்லுங்கள். இறங்கியதும் குடியேற்றச் சோதனை வரிசை இருக்கும், வீல்சேர் உதவியை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் 6 மணிக்கு வெளியே நின்றால் போதும்.